முப்பது ஜாக்கெட் எண்டு எழுதின தாள்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
12.03.2024

அன்புள்ள மகன் டிலுக்ஷனுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இஞ்ச நானும் அம்மாவும் மாதாவின்ர துணையோட எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறம், நீயும் அந்தக் குளிருக்க வருத்தம் துன்பம் ஒண்டும் அண்டாமல் இருக்க வேணும் எண்டுதான் ஒவ்வொரு நாள் செபத்திலயும் கேக்கிறம். ஃபோன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுறார் எண்டு நினைப்பாய். போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு நீ எடுத்தபோது நான் ரெண்டு வசனம் சொல்ல முன்னம் வைச்சிட்டாய், அதுக்குப் பிறகு அம்மாவோட கதைக்கிறாய், என்ர குரல் கேட்டால் வேலைக்கு நேரமாச்சு எண்டுறாய். எனக்கும் ஃபோனில கோர்வையாக் கதைக்க வராது, நீ இடையில ஒரு கேள்வி கேட்டால் சொல்ல வந்ததை விட்டிடுவன். பின் வீதி ஜெயந்தன் லீவு முடிஞ்சு வியாழக்கிழமை திரும்ப நீ இருக்கிற பிரம்டனுக்கு வாறான், அவன்ர கையில குடுத்து விடுறன். முழுக்க வாசி மகன், வாசிச்ச பிறகு கோபப்படுறதெண்டால் கோபப்படு.

அம்மாவுக்கு முழங்கால் நோ அப்பிடியேதான் இருக்கு, கிளினிக்கில போன மாதம் தந்த குளிசை வயித்துக்குப் பிடிக்கேல்ல எண்டு நிப்பாட்டிப்போட்டா, திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேணும். அக்கா சுலக்ஷனாவுக்கு இன்னும் கப்பல்துறைப் பள்ளிக்கூடத்தில இருந்து மாற்றம் கிடைக்கேல்ல, பஸ்ஸில போய் வந்து களைச்சுப்போறாள், அவளின்ர சின்னவளுக்குக் கொப்புளிப்பான் வந்து ரெண்டு கிழமை வீட்டில நிண்டவள், இப்ப சுகம். இந்த மாரிக்குக் குசினிக் கூரை ஒழுகி அலுமாரிக்குப் பின்பக்கச் சுவர் ஊறிப்போச்சு, நான் ஏறப்போக அம்மா ஏணியைப் பிடிச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டுட்டா, ஆள் பிடிச்சுத்தான் செய்விச்சனான். தவக்காலம் எண்டபடியால் வெள்ளிக்கிழமைகளில சிலுவைப்பாதைக்குப் போறம், அம்மா கதிரையில இருந்தபடிதான், முழங்கால்படியிட ஏலாது.

இனி அந்த விசயத்துக்கு வாறன். மாசி மாதத் தொடக்கத்தில நீ எடுத்து, கொழும்பில பெரிய சுற்றுலாக் கொம்பனி ஒண்டு உப்புவெளியில இருந்து திமிங்கிலம் பாக்க ஆக்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் தேடுது, அங்க பொறுப்பா இருக்கிற சுஹைரா எண்டவ நேரில வந்து கதைக்கப் போறா, எனக்கு வர ஏலாது, நீங்கள்தான் என்ர இடத்தில நிண்டு கதைக்க வேணும் எண்டு சொன்னாய். இது சரிவந்தால் இந்தக் குளிர்க் களஞ்சிய வேலையை விட்டிட்டு ஊருக்கே வந்திடுவன் எண்டும் சொன்னாய். ஒன்பது வருசத்தில அக்கான்ர கலியாணத்துக்கு ஒருக்காத்தான் வந்தனி. பக்கத்தில நிண்டு அதைக் கேட்ட அம்மா அடுத்த நாள் விடிய உன்ர அறையில கிடந்த பழைய பெட்டி, தையல் மிசின் எல்லாத்தையும் வெளியில எடுத்து வைச்சுக் கழுவிக்கொண்டு நிண்டா. முழங்கால் நோவோட ஏன் இப்ப எண்டு கேட்டதுக்கு, தூசி எண்டு மட்டும் சொன்னவ.

நீ வொய்ஸ் மெசேஜ் பதினொண்டு அனுப்பினனி. ஒவ்வொண்டாக் கேட்டுக் கொப்பியில எழுதினனான். கை குடுக்கிறதுக்கு அவ கையை நீட்டுமட்டும் பொறுக்க வேணும், தெரியாது எண்டு சொல்லக்கூடாது, விசாரிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்ல வேணும், பாப்பம் எண்ட சொல்லை எடுக்கவே கூடாது, துறைமுகத்தில வேலை செய்த கதையை ஒரு நிமிசத்துக்கு மேல கதைக்கக் கூடாது. மூண்டு பின்னேரம் அம்மா என்ர எதிரில கதிரையைப் போட்டு சுஹைராவா இருந்தவ. ஒரு போட்டில எத்தினை பேர் எண்டு கேப்பா, எட்டுப் பேர் மேடம் எண்டுவன், மேடம் எண்டு சொல்லாதேங்கோ, மிஸ் எண்டு சொல்லுங்கோ எண்டு அதிலயே பத்து நிமிசம் போயிடும். அறுபத்தாறு வயசில சோதினைக்குப் பாடமாக்கிறது லேசில்லை மகன், காலமை பாடமாக்கினது பின்னேரம் நிக்காது. தலைமயிர் வெட்டினனான். அக்கான்ர கலியாணத்துக்குப் போட்ட சப்பாத்தை எடுத்தால் அடி கழண்டு வந்திட்டுது, ஒட்டுவிச்சு எடுத்தனான். நீ அனுப்பின தாளை டவுனில குடுத்துப் பிரிண்ட் எடுத்தனான், ஆறு பக்கம், இங்கிலீஸ் எண்டபடியால் அக்கா பக்கத்தில இருந்து தமிழில சொல்லித் தந்தவள். மூண்டாம் பக்கத்தில, மூண்டு போட்டுக்கும் ரெண்டு ரெண்டு எஞ்சின், முப்பது புது லைஃப் ஜாக்கெட் எண்டு எழுதியிருந்தனி. உதெல்லாம் உப்புவெளியில உன்னோட கூட்டுச் சேர்ந்த போட்டுக்கார இராகுலனிட்ட இருக்கோ எண்டு கேட்டனான், எல்லாம் இருக்கு அப்பா, நீங்கள் கதைக்கிறதை மட்டும் பாருங்கோ எண்டனி.

உனக்குத் தெரியும், துறைமுகத்து லோஞ்சுப் படகில முப்பத்தொரு வருசம் நிண்டனான். அங்க மாதம் ஒருக்கா ஜாக்கெட் எல்லாத்தையும் தண்ணியில போட்டுப் பாத்துக் கொப்பியில எழுதுறது என்ர வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ, சந்திப்புக்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமை, காணாத சாமானைப் பற்றி நான் எப்பிடிக் கதைக்கிறது எண்டு யோசிச்சு பஸ்ஸில உப்புவெளிக்குப் போனனான். இராகுலன் போட்டைக் கவிட்டுப் போட்டுப் பெயின்ற் அடிச்சுக்கொண்டு நிண்டவன். போட்டு மூண்டும் நல்ல போட்டு, எஞ்சினுகளும் குறை சொல்ல ஏலாது, பிள்ளையைப்போல வைச்சிருக்கிறான். ஜாக்கெட்டைக் காட்டு எண்டதுக்குத்தான் கொஞ்சம் தயங்கினவன். வலைக் கொட்டிலுக்குள்ள இருந்து ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்து கொட்டினான். பதின்னாலு கிடந்துது. வெயிலில வெளிறி, வார் இத்துப்போய், அமத்தினால் உள்ளுக்க மாப்போல நொறுங்குது. நான் சாரத்தை மாத்திக்கொண்டு அதில நல்லது எண்டு பாத்த ஒண்டைப் போட்டுக் கட்டிக்கொண்டு கடலுக்க இறங்கினனான். நெஞ்சளவு தண்ணியில காலைத் தூக்கினன், முதல் தாங்கினது. கொஞ்ச நேரம் போக உள்ளுக்கத் தண்ணி ஊறி ஊறிப் பாரம் ஏறி, ஜாக்கெட்டே என்னைக் கீழ இழுக்குது. நாடி தண்ணிக்குள்ள போன பிறகுதான் காலை ஊண்டினனான். எனக்கு நீந்தத் தெரியும், அது வேற.

கரைக்கு வந்து அதைக் கழட்டினால் ஒரு கையால தூக்க ஏலாது. இராகுலன் பெயின்ற் பிரசோட அப்பிடியே நிண்டவன். இதை வைச்சுக்கொண்டோ முப்பது எண்டு எழுதினனீங்கள் எண்டு கேட்டனான். அவன் சொன்னான், அண்ணை நான் தம்பியிட்ட மறைக்கேல்ல, பழசுதான் கிடக்கு, பதின்னாலுதான் இருக்கெண்டு ஃபோனில சொன்னனான், முதல் மீற்றிங் முடியட்டும், சீசனுக்கு முன்னம் வாங்குவம், இப்ப எழுதிவிடுவம் எண்டு தம்பிதான் சொன்னது எண்டு. நான் திரும்ப ஒருக்காக் கேட்டனான், டிலுக்ஷனோ சொன்னவன் எண்டு. ஓம் அண்ணை எண்டான். ஈர உடுப்போட மணலில இருந்திட்டன். அவன்ர மனுசி பிளேன்ரீ கொண்டுவந்து தந்தவ, அதைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன், ஆறிப்போச்சு.

வீட்டை வந்து உனக்கு எடுத்தனான். நீ வேலையில, எடுக்கேல்ல. திரும்பவும் எடுத்திருக்கலாம். நீ என்ன சொல்லுவாய் எண்டு தெரிஞ்சபடியால் எடுக்கேல்ல, அதையும் மறைக்காமல் எழுதுறன். அம்மாவிட்டச் சொன்னனான். அவ அரிசி புடைச்சுக்கொண்டு இருந்தவ, சுளகைக் கீழ வைச்சிட்டு, சொல்லாமல் விடுங்கோ, வாங்கத்தானே போறியள், பிள்ளை முதல் வந்து சேரட்டும் எண்டா. நான் அவவைக் குறை சொல்ல மாட்டன். நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான். சரி எண்டு சொன்னன். அண்டைக்குப் பாடமாக்க இருக்கேல்ல. விடிய எழும்ப சேட்டும் லோங்சும் அயன் பண்ணிக் கொழுவிக் கிடந்துது. வெளிக்கிட்டு வாசலால இறங்கேக்க, அந்த ஜாக்கெட் கதையை எடுக்கிறதில்லை எண்ட முடிவோடதான் நான் இறங்கினனான் மகன், இதை நீ நம்ப வேணும்.

பத்து மணிக்கு எண்டு சொன்னதுக்கு ஒன்பதுக்கே போய் அந்த கெஸ்ட்ஹவுஸ் விறாந்தையில இருந்தனான். அவ பதினொரு மணிக்குத்தான் வந்தவ, விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டதாம், நாப்பது வயசு மட்டில இருக்கும், தலையிடி எண்டு நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு இஞ்சித் தேத்தண்ணி கேட்டவ. என்னை அங்கிள் எண்டுதான் கூப்பிட்டவ. பாடமாக்கின முதல் வசனமே எனக்கு மறந்துபோச்சு. மன்னியுங்கோ பிள்ளை, கொப்பியைப் பாக்கட்டோ எண்டு கேட்டன், அவ சிரிச்சிட்டு, கொப்பி வேணாம், கடலைப் பத்திச் சொல்லுங்க எண்டா. காத்து எத்தினை மணிக்குத் திரும்பும், எவ்வளவு தூரம் போக வேணும், காத்து கூடினால் என்ன செய்வீங்க, வயசான ஆக்கள் சத்தியெடுத்தால் என்ன செய்வீங்க, இப்பிடித்தான் கேட்டவ. அதுக்கு எனக்குக் கொப்பி தேவைப்படேல்ல. எங்க பழகினீங்க எண்டு கேக்க லோஞ்சுக் கதையைச் சொல்லத் தொடங்கி ஒரு நிமிசத்துக்கு மேலயே போயிட்டுது. அவ இடையில மறிக்கேல்ல, தேத்தண்ணி ஆறுறதைக்கூடப் பாக்காமல் கேட்டுக்கொண்டு இருந்தவ. பிறகு உன்ர தாளைத் தட்டிப் பாத்து அங்க இங்க அடையாளம் போட்டிட்டு, பேனையை எடுத்து வைச்சுக்கொண்டு சொன்னா, வைகாசி ரெண்டாம் கிழமை முதல் குறூப் வருது, இருவத்துநாலு பேர், எல்லாம் பென்சன் எடுத்த டீச்சர்மார், கன பேருக்கு நீந்தத் தெரியாது, உங்களிட்ட ஜாக்கெட் முப்பது இருக்கிறது நல்லதாப் போச்சு, மத்த ஆக்களிட்ட அதுதான் குறை எண்டு.

அவ கேள்வி கேக்கேல்ல மகன். கேட்டிருந்தால், விசாரிச்சுச் சொல்லுறன் எண்டு நீ படிப்பிச்ச மாதிரிச் சொல்லித் தப்பியிருப்பன். அவ நம்பிச் சொன்னவ. எனக்கு உன்ர முகம் வந்தது, கழுவின அறை வந்தது. அந்தப் பேனை தாளுக்குக் கிட்டப் போகுமட்டும் பேசாமல்தான் இருந்தனான். பிறகு, பிள்ளை, அந்த மூண்டாம் பக்கத்தில பிழையா எழுதியிருக்கு, முப்பது இல்லை, பதின்னாலு, அதுவும் மிதக்காது, நேற்று நான் போட்டுப் பாத்தனான் எண்டு சொல்லிப்போட்டன். அவ பேனையை மூடினா. ஆர் இதை எழுதினது எண்டு கேட்டவ. நான்தான் எழுதிக் குடுத்தனான், மகன் நான் சொன்னதை நம்பி அடிச்சவன், அவனுக்குத் தெரியாது எண்டு சொன்னன்.

அவ ஏசேல்ல. போட்டுகளைக் காட்டுங்க எண்டு எழும்பி வெயிலுக்குள்ள நடந்து வந்தவ. சாக்கில கிடந்த ஒண்டை எடுத்து விரலால அமத்திப் பாத்தா. கையில ஒட்டின தூளைத் தட்டிக்கொண்டு சொன்னா, அங்கிள், நீங்க சொல்லாட்டி நான் கையெழுத்து வெச்சிட்டுப் போயிருப்பேன், இப்ப வெக்க ஏலாது, வைகாசி குறூப்பை வேற ஆளுக்குத்தான் குடுக்க வேணும், புதுசு வந்தால் தாளைச் சரியா எழுதி அனுப்புங்க, நான் பாக்கிறேன், கட்டாயம் எண்டு சொல்ல மாட்டேன் எண்டு. இவ்வளவுதான். வாகனத்தில ஏறிப் போயிட்டா. அவ போன பிறகு இராகுலன் என்னைப் பாத்து, உங்களுக்குப் பென்சன் இருக்கண்ணை, எனக்கு இந்த மூண்டு போட்டுத்தான் எண்டு சொல்லிப்போட்டுப் பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். வீட்டை வர அம்மா சோறு போட்டுத் தந்தவ, என்ன நடந்தது எண்டு கேட்டா, சொன்னன். அவ உன்ர அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திட்டு வந்தா. நான் கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் படுத்திட்டன், அப்பிடி ஒரு களைப்பு, லோஞ்சில ரெண்டு சிஃப்ற் சேத்து நிண்ட நாளிலயும் வரேல்ல.

அந்த ஞாயிறுதான் நீ விசயம் கேள்விப்பட்டு எடுத்தனி. என்ன அப்பா செய்தனீங்கள், என்ர வாழ்க்கையில விளையாடிப்போட்டியள் எண்டு கேட்டாய். உன்ர கோபம் எனக்கு விளங்குது. விடியப்புறம் எழும்பி ஐஸ் அறைக்குள்ள நிண்டு பெட்டி தூக்கிற உனக்கு, இஞ்ச வாறதுக்கு இருந்த ஒரே வழியை நான் அடைச்சமாதிரித்தான் இருக்கும். ஆனால் நீ அண்டைக்கு ஒருக்காவும் ஜாக்கெட்டைப் பற்றிக் கேக்கேல்ல. அதாலதான் எனக்கு அண்டையில இருந்து நித்திரை இல்லை. நீ கெட்டவன் எண்டு நான் நினைக்கேல்ல. தூரத்தில இருந்து பாத்தால் முப்பது எண்டதும் பதின்னாலு எண்டதும் தாளில ஒரு இலக்கம்தான், அவசரத்தில எழுதியிருப்பாய். தண்ணிக்குள்ள நிண்டு பாத்தது நான், உனக்கு அது தெரிய நியாயமில்லை, அதால சொல்லுறன்.

இப்ப புதுச் செய்தி ஒண்டு இருக்கு. இராகுலன் ஒரு கிழமையா என்ர முகத்தைப் பாக்கேல்ல, கோயிலடியில கண்டாலும் மற்றப் பக்கத்தால போனவன். போன சனிக்கிழமை காலமை தானாவே வீட்டை வந்தவன். சாக்கில கிடந்த பழசெல்லாத்தையும் வெட்டிப் புதைச்சுப்போட்டானாம். நீர்கொழும்பில இருக்கிற மச்சான்காரனைப் பிடிச்சுப் புது ஜாக்கெட் பதினெட்டு எடுப்பிச்சிருக்கிறான், வந்து பாருங்கோ அண்ணை எண்டு கூப்பிட்டவன். என்ன மனம் மாறினது எண்டு கேட்டன், நீங்கள் அண்டைக்கு நாடிமட்டும் தாண்டு நிண்டது கண்ணுக்குள்ளயே நிக்குது, என்ர பிள்ளையளும் உந்தப் போட்டிலதான் வாறதுகள் எண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னான். ரெண்டு பேருமாக் கொண்டுபோய்ப் பதினெட்டையும் தண்ணியில போட்டு, அரை மணித்தியாலம் கரையில இருந்து பாத்தம். பதினெட்டும் மிதந்துது. அவன்ர மனுசி திரும்பவும் பிளேன்ரீ கொண்டுவந்தவ, இந்தமுறை சூட்டோட குடிச்சனான்.

சுஹைராவுக்கு நான் இன்னும் எடுக்கேல்ல. எடுக்கச் சொல்லி இராகுலன் கேட்டவன், அம்மாவும் கேட்டவ, நான் மாட்டன் எண்டுட்டன். களைச்சுப்போனன் மகன், காணாததைக் கண்டமாதிரிக் கதைக்கிற வேலைக்கு என்னை இனி அனுப்பாதை. கண்டதைக் கேட்டால் எங்க வந்தும் சொல்லுவன். தாளை நீ திரும்ப எழுது, பதினெட்டு எண்டு எழுது, மூண்டு போட்டையும் ஒரே நேரத்தில விட ஏலாது, ரெண்டுதான் எண்டு எழுது, நீயே அவவுக்கு எடு, அவவின்ர நம்பரைப் பின்பக்கத்தில எழுதியிருக்கிறன். சரிவரும் எண்டு நான் சொல்ல மாட்டன், அவவும் சொல்லேல்ல. சரிவராட்டியும் நீ ஊருக்கு வா, கொம்பனியோடதான் வர வேணும் எண்டு இந்த வீட்டில ஆரும் கேக்கேல்ல. இன்னொண்டு இருக்கு. அந்தத் தாளை எழுதினது நான் எண்டுதான் அவ இன்னும் நினைச்சுக்கொண்டு இருக்கிறா. அண்டைக்கு நான் சொன்ன பொய் அது ஒண்டுதான். அதை அப்பிடியே விடுறதோ மாத்திச் சொல்லுறதோ உன்ர விருப்பம், நான் வற்புறுத்தேல்ல, திரும்பக் கேக்கவும் மாட்டன். எனக்கு இந்த வயசில இன்னொரு பிழையைச் சுமக்கிறது பெரிய பாரம் இல்லை. அதை என்ர தலையில வைச்சிட்டு உன்னால நிம்மதியா வேலை செய்ய ஏலுமோ எண்டதுதான் யோசினையா இருக்கு.

அம்மா மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டி ஜெயந்தனிட்டக் குடுத்து விடுறா, தூளை உடன போத்தலில போட்டு வைக்கட்டாம், ஈரக் கரண்டி போடக் கூடாதாம். பல்லுக் கொதிக்குது எண்டு தையில சொன்னனி, டொக்டரிட்டக் காட்டினதோ எண்டு அம்மாவுக்காவது சொல்லு, நோவுக்குக் குளிசை போட்டுப் போட்டு நாளைக் கடத்தாதை. ஆண்டவர் உன்ர கால் வைக்கிற இடமெல்லாம் பாதுகாத்து, நல்ல புத்தியும் நல்ல சுகமும் தந்து நடத்த வேணும், உன்ர தலையில கை வைச்சு ஆசீர்வதிக்கிற அம்மாவும் நானும் எங்கட கண் மூட முன்னம் உன்னை ஒருக்கா வாசலில காண வேணும் எண்டு மன்றாடுறம். அடுத்த முறை எடுக்கேக்க ஃபோனை அப்பாவிட்டக் குடுங்கோ எண்டு நீயாக் கேள்.

இப்படிக்கு,
உன்ர அன்பு அப்பா
மைக்கல்